இரவல் சுக்கான்: வேறு படகின் சுக்கானை மாட்டிய பிறகு வரும் கோளாறுகள்

சேலத்துக்கும் கடலுக்கும் வெகு தூரம். ஆனால் எவர்சில்வர் தகடு, லேத், ஆர்கான் வெல்டிங், ஃபைபர் வேலை தெரிந்த ஆள் எல்லாம் இங்கே கூப்பிடு தூரத்தில் கிடைக்கும். அதனால்தான் சுக்கான், அதாவது படகைத் திருப்பப் பின்னால் மாட்டும் பலகை, தொலைந்துபோன பழைய பாய்மரப் படகுகள் எங்கள் பட்டறை வரைக்கும் லாரியில் ஏறி வருகின்றன. கழித்துக் கட்டிய படகை யாரோ மலிவாக எடுத்திருப்பார். சுக்கான் வேறு வகைப் படகிலிருந்து கிடைத்திருக்கும். இரண்டையும் ஒன்றாக இறக்கி வைத்து, "இதை அதுல மாட்டிக் குடுத்துருங்கண்ணா" என்பார்கள். மாட்டுவது பெரிய காரியமில்லை. மாட்டித் தண்ணீரில் இறக்கிய பிறகு வரும் புகார்கள் இருக்கின்றனவே, அவைதான் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவற்றைக் கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், கை கடிக்கும் காரணம் கடைசியில்.

பெயர்கள்: படகின் பின்முகத்தில் நிற்பது பின்பலகை. அதில் திருகியிருக்கும் துளையுள்ள பிராக்கெட்டை வளையம் என்கிறேன், சுக்கானிலிருந்து அதற்குள் இறங்கும் கம்பியை முள் என்கிறேன். சில படகுகளில் முள் படகிலும் வளையம் சுக்கானிலும் இருக்கும்; கணக்கு மாறாது. தண்ணீருக்குள் இருப்பது பிளேடு, பிளேடைக் கவ்விப் பிடிக்கும் பெட்டி தலை, தலையில் முள்ளைத் தாங்கும் தகடு பட்டை, சுக்கானைத் திருப்பக் கையில் பிடிக்கும் கழி டில்லர்.

எல்லா அறிகுறிக்கும் ஒரு விதி பொது. மாற்ற வேண்டியது சுக்கானை. படகைத் தொடுவது கடைசியில். சுக்கான் கெட்டால் இன்னொன்று செய்துகொள்ளலாம். பின்பலகையில் போட்ட ஓட்டை படகின் ஆயுளுக்கும் கூடவே வரும்.

மாட்டும் முன் இரண்டு படகின் அளவையும் பாருங்கள். ஆப்டிமிஸ்ட், லேசர் என்ற இரண்டு வகைப் பாய்மரப் படகை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஆப்டிமிஸ்ட் 2.36 மீட்டர் நீளம், அதன் பாய் 3.3 சதுர மீட்டர் போல. லேசர் 4.2 மீட்டருக்குச் சற்று மேல், பாய் 7.06 சதுர மீட்டர். குழந்தைகள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட்டின் சுக்கானை லேசர் அளவுப் படகில் மாட்டினால் என்ன சரிசெய்தாலும் போதாது. பெரிய படகின் சுக்கானைச் சிறியதில் மாட்டினால் ஓடும், ஆனால் பாரம் முழுவதும் பின்பலகையில் விழும். பந்தயத்தில் ஓட்டப்போகும் படகு என்றால் மேலே படிக்க வேண்டாம். அந்தந்த வகைக்குரிய சுக்கானைத்தான் விதி ஏற்கும்.

## சுக்கான் வளையத்தில் ஏறவே மாட்டேன் என்கிறது

வெர்னியர் அளவுகோலை எடுத்து மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: முள்ளின் தடிமன், இரண்டு முள்ளுக்கும் நடுவே மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரம், பின்பலகை முகத்திலிருந்து வளையத் துளையின் மையம் வரை உள்ள தூரம். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

தடிமன் பொருந்தவில்லை என்றால்: 10 எம்எம் முள், 8 எம்எம் வளையம். உடனே டிரில்லை எடுத்து வளையத்தைப் பெரிதாக்கத் தோன்றும். துளையைச் சுற்றி மிஞ்சும் சுவர் மெலிந்துவிடும், பாரம் முழுவதும் அங்கேதான் விழுகிறது. முள்ளைப் புதிதாகக் கடைந்துகொள்வது மேல்; லேத்தில் அரை மணி நேர வேலை. முள் மெலிந்து வளையம் பெரிதாக இருந்தால் இன்னும் எளிது, புஷ் (இடைவெளியை நிரப்பச் செருகும் குழல்) போட்டால் தீர்ந்தது. அதை ஆட்டம் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

இடைவெளி பொருந்தவில்லை என்றால்: சுக்கான் தலையில் இருக்கும் பட்டையைக் கழற்றி இடம் மாற்றுங்கள். பழைய துளையில் புதுத் துளை பாதி விழுகிற மாதிரி இருந்தால் அந்தப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு 3 எம்எம் தகட்டில் புதிதாக வளைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் வெல்டிங் தம்பி ஒருவர் கட்டாயம் சொல்வார்: "ரெண்டு எம்எம் தானுங்கண்ணா, ஒரு தட்டு தட்டுனா ஏறிக்கும்." ஏறும். தட்டிய வளையம் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். அடுத்த பகுதியில் இருக்கும் கோளாறு அன்றைக்கே ஆரம்பிக்கும். வேண்டாம் தம்பி என்று சொல்லிச் சுத்தியலை வாங்கி வைத்துவிடுங்கள்.

ஏறுகிறது, ஆனால் தலை பின்பலகையில் உரசுகிறது என்றால்: மூன்றாவது அளவுதான் காரணம். பட்டைக்கும் தலைக்கும் நடுவே கெட்டியான நைலான் கட்டை வைத்து, நீளமான போல்ட் போட்டு விலக்கி நிறுத்துங்கள். விலக்க விலக்க முள்ளுக்கு முன்னால் நிற்கும் பிளேடின் அளவு குறையும், டில்லர் கனமாகும். ஆகவே உரசாத அளவு விலக்கினால் போதும்.

எப்படியும் முள் புதிதாகக் கடைகிறீர்கள் என்றால், கீழ் முள்ளை மேல் முள்ளைவிட ஒரு விரல் தடிமன் நீளமாக வையுங்கள். ஆடுகிற படகில் குனிந்துகொண்டு இரண்டு முள்ளையும் ஒரே நேரத்தில் துளை பார்த்து இறக்குவது பெரும்பாடு. கீழது முதலில் பிடித்துக்கொண்டால் மேலது தானாக வழிக்கு வரும்.

## ஏறிவிட்டது, ஆனால் இறுக்கமாகத் திரும்புகிறது

கரையிலேயே பார்த்துவிட வேண்டிய கோளாறு இது. படகை ஸ்டாண்டில் வைத்து டில்லரை ஒரு விரலால் தள்ளுங்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரே மாதிரி போக வேண்டும்.

எங்கு திருப்பினாலும் ஒரே இறுக்கம் என்றால், பெயின்ட்டோ ஃபைபர் ரெசினோ துளைக்குள் புகுந்திருக்கும். உப்புத்தாளைச் சுருட்டித் துளைக்குள் விட்டுத் தேய்த்தால் போய்விடும். எண்ணெய் ஊற்றிச் சமாளிக்காதீர்கள். மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நடுவில் இலகு, ஓரத்தில் இறுக்கம், அல்லது ஒரு பக்கம் இலகு, மறுபக்கம் இறுக்கம் என்றால் மேல் துளையும் கீழ்த் துளையும் ஒரே கோட்டில் இல்லை. இரண்டு கீலும் ஒரே நேர்கோட்டில் இல்லாத கதவு எப்படி அடம் பிடிக்குமோ அப்படித்தான். சோதிக்க, வளையத்தின் துளைக்குச் சரியாகப் பொருந்தும் நேரான கம்பி ஒன்றை எடுத்து, இரண்டு வளையத்துக்கும் ஒரே கம்பியாக மேலிருந்து விடுங்கள். கீழ் வளையத்தில் தானாக இறங்கினால் படகு சரி, குறை சுக்கானில். இறங்காமல் வாயில் முட்டி நின்றால் எந்தப் பக்கம் முட்டுகிறதோ அந்தப் பக்கம் வளையம் நகர்ந்திருக்கிறது.

அப்போதும் துளை போடத் தேவையில்லை. வளையத்தின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். கம்பி உள்ளேயே இருக்கட்டும். எந்தப் போல்ட்டைத் தளர்த்தியதும் கம்பி விடுதலையாகிறதோ, அங்கே வாசருக்குப் பதில் மெல்லிய தகட்டுத் துண்டு வைத்து, கம்பி உள்ளே இருக்கும்போதே திரும்ப முடுக்குங்கள். நான் பார்த்த இறுக்கங்களில் பாதிக்கு மேல் இந்தத் தகட்டுத் துண்டோடு தீர்ந்துவிட்டன.

சுக்கான் பக்கம் குறை என்றால் இரண்டு முள்ளின் மையத்தையும் தொட்டு ஒரு நூல் கட்டுங்கள். மேல் முள் பக்கவாட்டில் விலகியிருந்தால் கண்ணாலேயே தெரியும். முள் வெல்டிங்கில் கோணியிருந்தால் வளைத்து நிமிர்த்தாதீர்கள். வெட்டி எடுத்து, கம்பியில் கோர்த்து நேராக்கி, மறுபடி ஆர்கான் வைக்கச் சொல்லுங்கள்.

கம்பி சரியாக இறங்குகிறது, நூலும் நேராக நிற்கிறது, ஆனாலும் இறுக்கம் போகவில்லை என்றால், தலையின் இரு கன்னங்களையும் பிடித்திருக்கும் போல்ட்டை அளவுக்கு மீறி முடுக்கியிருப்பார்கள். பட்டை உள்பக்கமாகச் சாய்ந்து வளையத்தின் முகத்தைத் தேய்க்கும். தானாகக் கழலாத நைலாக் நட்டு போட்டு, சுற்றி நிற்கும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள்.

## சுக்கான் ஆடுகிறது, டக் டக் என்று தட்டுகிறது

பிளேடின் கீழ் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இன்னொரு ஆள் எது நகர்கிறது என்று பார்க்கட்டும். மூன்று இடங்களில் ஆட்டம் இருக்கலாம்: தலைக்குள் பிளேடு, வளையத்துக்குள் முள், பின்பலகையில் வளையம்.

தலைக்குள் பிளேடு ஆடினால், இரவல் பிளேடு அந்தத் தலைக்கு மெலிந்தது என்று பொருள். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தகடு ஒட்டி நிரப்புங்கள். முள் ஆடினால் புஷ். நைலான் கம்பி சேலத்தில் எந்த இயந்திரச் சாமான் கடையிலும் கிடைக்கும், ஆனால் அது தண்ணீர் குடித்துக் கொஞ்சம் உப்பும். கரையில் கச்சிதமாகக் கடைந்து மாட்டியது, தண்ணீரில் கொஞ்ச காலம் கிடந்தபின் பிடித்துக்கொள்ளும். அசிட்டல் என்ற பிளாஸ்டிக் கம்பி கிடைத்தால் அதை வாங்குங்கள், அவ்வளவாக உப்பாது. நைலான்தான் கிடைத்தது என்றால் முள் வழுக்கி இறங்கும்படி இடைவெளி விட்டுக் கடையச் சொல்லுங்கள்.

வளையமே பின்பலகையில் ஆடினால் போல்ட்டை முடுக்கிப் பாருங்கள். முடுக்க முடுக்க உள்ளே அமுங்கிக்கொண்டே போனால் நிறுத்திவிடுங்கள். அது ஆட்டக் கோளாறு இல்லை. மெத்தென்ற பின்பலகை பற்றிய பகுதிக்குப் போங்கள்.

## டில்லர் கையை இழுக்கிறது, படகு தானாகக் காற்றுப் பக்கம் திரும்புகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். சுக்கான் மேல் பழி அநியாயமாக விழும் இடமும் இதுதான்.

முதலில் குற்றவாளி யார் என்று பிரித்துவிட வேண்டும். பாயை இறக்கிவிட்டு, படகைத் துடுப்பு போட்டு நல்ல வேகத்தில் ஓட்டுங்கள், அல்லது வேறு படகில் கட்டி இழுக்கச் சொல்லுங்கள். டில்லரை ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள். இப்போதும் கனமாக இருந்தால் சுக்கான்தான். இலகுவாக இருந்தால் பாயும் சாய்வும்தான் காரணம். சுக்கானை எவ்வளவு நோண்டினாலும் பலன் கிடைக்காது.

பாயும் சாய்வும் என்றால்: படகு ஒரு பக்கம் சாய்ந்து ஓடும்போது மூக்கு காற்றுப் பக்கம் திரும்பத்தான் செய்யும். வெளியே எட்டி உட்கார்ந்து படகை நிமிர்த்துங்கள், பெரிய பாயின் கயிற்றை ஒரு முழம் விடுங்கள். கனம் குறைந்தால் வேலை முடிந்தது. குறையவில்லை என்றால், சுழன்று மேலேறும் வகை நடுப்பலகை (படகின் நடுவில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் பலகை) உள்ள படகில் அதைச் சற்றுப் பின்னோக்கி உயர்த்திப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பாய்மரம் பின்னால் அதிகம் சாய்ந்து நிற்கிறதா என்று பார்த்து, முன் கயிற்றை ஒரு துளை இழுத்துக் கட்டுங்கள். இது எதற்கும் காசு ஆகாது.

சுக்கான் என்றால்: பிளேடு முழுவதும் கீழே இறங்கியிருக்கிறதா? இரவல் சுக்கான்களில் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சுக்கானைக் கொடுத்த படகின் பின்பலகை நேராக நின்றிருக்கும், உங்கள் படகினுடையது சாய்ந்திருக்கும். அங்கே செங்குத்தாக நின்ற பிளேடு இங்கே வால் மாதிரிப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் பிளேடைத் தள்ளும் இடம் முள்ளை விட்டு விலக விலகக் கையில் வரும் பாரம் ஏறும்.

சோதனை: படகை ஸ்டாண்டில் வைத்து, இரண்டு முள்ளின் மையத்தையும் தொட்டபடி ஒரு நூலைக் கீழே பிளேடின் நுனி வரை இழுத்துப் பிடியுங்கள். தூக்குக்குண்டு இதற்கு உதவாது. முள் இருக்கும் கோடே சாய்வாக இருக்கலாம், நூல் அந்தக் கோட்டிலேயே போக வேண்டும். பிளேடின் முன் விளிம்பு நூலுக்கு இணையாக, அதை ஒட்டியோ சற்று முன்னாலோ நின்றால் நல்லது. கீழே போகப் போக நூலை விட்டுப் பின்னால் விலகினால், தலைக்குள் பிளேடைத் தடுத்து நிறுத்தும் கட்டையை அரம் போட்டுத் தேய்த்து, பிளேடு இன்னும் முன்னால் வரும்படி செய்யுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து நூலை வைத்துப் பாருங்கள்.

பிளேடு இணையாக நின்றும் முழுவதும் நூலுக்குப் பின்னாலேயே இருந்தால் பிளேடின் சுழல் துளையை மாற்றிப் போட்டு முன்னால் நகர்த்தலாம். நூலுக்கு முன்னால் வரும் பரப்பு பிளேடின் மொத்தப் பரப்பில் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மீறினால் எதிர்க் கோளாறு வரும்: டில்லரை விட்டதும் அது தானாக ஒரு பக்கம் போய் விழும்.

பிளேடை அறுத்துச் சிறிதாக்கினால் கனம் குறையாதா என்று கேட்பார்கள். குறையும். திருப்பும் சக்தியும் கூடவே போய்விடும். ரம்பத்தை எடுக்காதீர்கள்.

இன்னொன்று. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. அதே வேகக் காற்று பாயில் அந்த அளவுக்குக் குறைவாகத்தான் அழுத்தும். போதாக்குறைக்கு, சுற்றிலும் மேடும் மரமும் உள்ள மலை ஏரியில் காற்று ஒரு திசையில் நிலையாக வீசாது. அப்படிப்பட்ட இடத்தில் டில்லர் இலகுவாக இருந்தது என்று நம்பிக் கடற்கரைக்குப் படகை எடுத்துப் போகிறவர்கள், அங்கே முதல் நாள் மாலைக் காற்றில் போன் போடுவார்கள். நூல் சோதனைக்கு உயரம் ஒரு பொருட்டில்லை, அதை நம்புங்கள்.

எல்லாம் பார்த்தும் கனம் போகவில்லை, அல்லது படகின் பாய்மரமே இடம் மாற்றி நட்டது போல் தெரிகிறது என்றால் படகு கட்டுகிறவரிடம் காட்டுங்கள். அது பட்டறை வேலை இல்லை.

## டில்லரைத் திருப்புகிறேன், படகு திரும்ப மறுக்கிறது

எப்போது மறுக்கிறது என்பதை வைத்துப் பிரியுங்கள்.

மெல்லிய காற்றில், ஊர்ந்து போகும்போது மட்டும் என்றால் கை வழக்கமாக இருக்கலாம். டில்லரை ஒரேயடியாக 35 டிகிரிக்கு மேல் தள்ளினால் சுக்கான் பிரேக் போல் வேலை செய்யும், திருப்பாது. வேகம் எடுத்துவிட்டு நிதானமாகத் தள்ளச் சொல்லுங்கள்.

காற்று வீசி, படகு சாயும்போது மட்டும் கைவிட்டுவிடுகிறது என்றால், சுக்கானுக்குப் பின்னால் தண்ணீரைப் பாருங்கள். வெள்ளை நுரை பிளேடை ஒட்டிக் கீழே இறங்குகிறதா? இறங்கினால் பிளேடு காற்றை உறிஞ்சுகிறது; ஆழம் போதவில்லை. உங்கள் படகின் பின்பலகை கொடுத்த படகினுடையதைவிட உயரமாக இருக்கும், சுக்கான் அந்த அளவுக்கு மேலே தூக்கி நிற்கும். படகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு பிளேடு நிற்கிறது என்று அளந்து, நடுப்பலகையின் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். சுக்கான் அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். தரை தட்டினால் முதலில் நடுப்பலகை தட்டட்டும். பாதிதான் இருக்கிறது என்றால் கோளாறு அதுவே.

மலிவான வழி, சுக்கான் தலையில் இருக்கும் இரண்டு பட்டையையும் ஒரே அளவு மேலே ஏற்றுவது. பட்டை ஏறினால் சுக்கான் இறங்கும். ஆனால் தலையின் அடிப்பாகம் தண்ணீரில் இழுபடும் அளவுக்கு இறக்காதீர்கள்; அப்புறம் பின்னால் வாய்க்கால் போல் தண்ணீர் பீச்சியடிக்கும். அதுவும் பற்றாது என்றால் நீளமான புது பிளேடு செய்ய வேண்டியதுதான்.

புது பிளேடுக்கு மரம் என்று வரும்போது ஏற்காட்டுக்காரர்கள் சில்வர் ஓக் பலகையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வைத்த மரம், மலிவாகக் கிடைக்கும். தண்ணீருக்குள் கிடக்கிற வேலைக்கு அது ஆகாது. தேக்கு, இல்லாவிட்டால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மெரைன் பிளைவுட். கடைக்காரர் ஐஎஸ் 303-ஐக் காட்டி "அதேதாங்க" என்பார். அதே இல்லை, அது வீட்டு அலமாரிக்கானது. பிளேடின் முன் விளிம்பை உருட்டி, முன்னாலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அதிகத் தடிமன் வரும்படி வைத்து, அங்கிருந்து பின்னால் மெலிக்க வேண்டும். அட்டையில் பாதி வடிவம் வெட்டி இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்துத் தேய்த்தால் இரண்டும் ஒன்று போல் வரும்.

நுரை இல்லை, ஆழமும் சரி, ஆனாலும் மறுக்கிறது என்றால் பரப்பு போதவில்லை. படகுக்குச் சிறிய சுக்கான். வேறு தேடுங்கள்.

## வேகம் எடுத்தால் உம்ம் என்று அதிர்கிறது

பிளேடின் பின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். கனமாகவோ உருண்டையாகவோ இருந்தால் சத்தம் அங்கிருந்துதான். 2, 3 எம்எம் வரை மெலித்து, நுனியை உருட்டாமல் சதுரமாக வெட்டி நிறுத்துங்கள். போகாவிட்டால் ஆட்டத்தைத் தேடுங்கள், மேலே சொன்ன மூன்று இடங்களில். இரண்டும் இல்லையென்றால் பிளேடு முறுக்கிக்கொண்டிருக்கும். கண்ணாடி மேசை மேல் படுக்க வைத்தால் தெரிந்துவிடும். முறுக்கிய பிளேடை நிமிர்த்தி நான் பார்த்ததில்லை.

## ஓட்டத்தில் பிளேடு மேலே எழும்பிவிடுகிறது

மர பிளேடு மிதக்கும். கீழே பிடித்து வைக்கும் கயிறு இழுவையைத் தாங்க வேண்டும். முதலில் கயிறு, நைலான் கயிறு நீளும், பாலியெஸ்டர் போடுங்கள். அடுத்து கயிற்றைக் கவ்வும் கிளீட், பல் தேய்ந்திருக்கும். அடுத்து சுழல் போல்ட், கை விட்டால் பிளேடு விழாமல் நிற்கும் அளவு முடுக்கினால் போதும்.

எழும்பவே கூடாது என்று போல்ட் போட்டு நிரந்தரமாகப் பூட்டிவிடச் சொல்பவர்கள் உண்டு. மேட்டூர் மாதிரி நீர்த்தேக்கத்தில் அது பெரிய ஆபத்து. முழு மட்டம் 120 அடி. மட்டம் இறங்க இறங்கப் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே வருவது ஊருக்கே தெரியும். அவை வெளியே தெரிவதற்கு முன்னால் தண்ணீருக்குச் சற்றுக் கீழே நிற்கும் நாட்களும் உண்டல்லவா! பாறையும் மீன் வலையும் வேறு. பூட்டிய பிளேடு எதிலாவது மோதினால் பின்பலகையைப் பெயர்த்துக்கொண்டு வரும். பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இரும்புப் போல்ட்டுக்குப் பதில் மெல்லிய மூங்கில் குச்சியை ஆணியாகச் செருகுங்கள். மோதினால் குச்சி ஒடியும், படகு தப்பும். மேட்டூரோ ஏற்காடோ, அனுமதி வாங்கிக்கொண்டு படகை இறக்குங்கள்.

## டில்லர் எதிலாவது இடிக்கிறது

டில்லரின் அடியில் ஆப்பு வைத்து உயர்த்துங்கள். பெரிய பாயின் கயிறு குறுக்கே போகும் படகில் டில்லர் அதற்கு அடியில் போக வேண்டும். இடம் இல்லையென்றால் வளைந்த டில்லர் ஒன்று செய்துகொள்ளலாம். அவ்வளவுதான்.

## பட்டையிலும் முள்ளிலும் பழுப்புக் கறை

கஞ்சமலை அடிவாரத்து உருக்காலை 1981-லிருந்து எவர்சில்வர் தகடு உருட்டுகிற ஊர் இது. அதனாலேயே "நம்ம ஊர் எவர்சில்வர், துருவே பிடிக்காது" என்று ஒரு நம்பிக்கை. எந்தத் தரம் என்று கேட்டு வாங்க வேண்டும். பாத்திரத்துக்குப் போகும் 202 மலிவு. தண்ணீரிலேயே கிடக்கும் பட்டைக்கு அது கூடாது. ஏரிக்கும் அணைக்கும் 304 போதும். கடலுக்குப் போகிற படகென்றால் 316, அதில் மாலிப்டினம் இருப்பதால் உப்பைத் தாங்கும்.

காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, நல்ல சரக்கு என்பார்கள். 202-லும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. வளைத்த இடத்தில் 304-லேயே லேசாக ஒட்டும். காந்தம் இதில் சாட்சி இல்லை. தரம் எழுதிய பில்லோடு வாங்குங்கள்.

கறை எங்கே என்று பாருங்கள். வெல்டிங்கை ஒட்டி மட்டும் என்றால் தகடு குற்றமில்லை. வெல்டிங் சூட்டில் வரும் நீல நிறத்தைப் பிக்ளிங் பேஸ்ட் (அமிலப் பசை) போட்டுக் கழுவாமல் விட்டிருப்பார்கள். 304-க்கு 308எல், 316-க்கு 316எல் ஃபில்லர் கம்பி போட்டார்களா என்றும் கேளுங்கள். புள்ளி புள்ளியாகப் பரவியிருந்தால் சாதா இரும்பு தேய்த்த கிரைண்டிங் சக்கரத்தையே இதற்கும் பிடித்திருப்பார்கள். இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு அதுதான் துருப்பிடிக்கிறது. அதுவும் பிக்ளிங் பேஸ்ட்டில் போகும். முழுவதும் பழுப்பாகி, குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அலுமினியத் தலையில் எவர்சில்வர் போல்ட் போட்ட இடத்தில் வெள்ளை மாவு போல் பூத்திருந்தால் அலுமினியம் கரைகிறது. போல்ட்டுக்கு நைலான் வாசரும் உறையும் போட்டு இரண்டையும் பிரித்து வையுங்கள்.

## பின்பலகை மெத்தென்கிறது, போல்ட் வழியே தண்ணீர் இறங்குகிறது

நாணயத்தால் வளையத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே போங்கள். டிங் என்று கேட்ட இடம் நல்லது. டப் என்று அமுங்கிய சத்தம் வந்தால் ஃபைபருக்கு உள்ளே இருக்கும் மரம் தண்ணீர் குடித்திருக்கிறது. சத்தம் மாறும் இடத்தையெல்லாம் பென்சிலால் குறித்து வட்டம் போடுங்கள்.

வட்டம் போல்ட்டைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்குள் என்றால் நாமே செய்யலாம். போல்ட்டைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, ஊறிய மரத்தைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, பொடி கலந்த எப்பாக்ஸியால் நிரப்பி, இறுகியதும் அதற்குள் புதுத் துளை போட வேண்டும். உள்பக்கம் உள்ளங்கை அளவுத் தகடு வைத்துப் போல்ட்டை முடுக்குங்கள். வெறும் சிலிக்கான் பீச்சி அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று மீதி மரத்தையும் தின்னும்.

எப்பாக்ஸி கலக்கும் நேரம் ஊரைப் பொறுத்தது. சூடு 10 டிகிரி ஏறினால் இறுகும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். சேலத்து மே மாத மதியத்தில் கிண்ணத்திலேயே புகைந்து கட்டியாகிவிடும். விடிகாலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ஏற்காட்டில் மார்கழியில் அதே கலவை மறுநாள் வரை பிசுபிசுக்கும், பனி ஈரத்தில் மேலே மெழுகு போல் படலம் கட்டும். அதைத் தண்ணீரில் கழுவித் தேய்க்காமல் அடுத்த பூச்சு பூசினால் ஒட்டாது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டி ஊற்றாதீர்கள். எப்பாக்ஸிக்கு அளவு அளவுதான்.

வட்டம் உள்ளங்கையைவிடப் பெரிது, அல்லது இரண்டு வளையத்தின் வட்டங்களும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன, அல்லது பின்பலகையும் அடிப்பலகையும் சேரும் மூலையில் வெடிப்பு ஓடுகிறது என்றால் கை வைக்காதீர்கள். ஃபைபர் படகு கட்டுகிறவரைக் கூப்பிட்டு, பின்பலகையைத் திறந்து உள்மரத்தை மாற்றச் சொல்லுங்கள். படகின் விலைக்குப் பக்கத்தில் போகும் செலவு அது. இதனால்தான் சுக்கானை வாங்கும் முன்னாலேயே நாணயத்தால் தட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

## படகு கவிழ்ந்தால் சுக்கான் கழன்று போகிறது

முள் வளையத்தில் தன் பாரத்தால்தான் உட்கார்ந்திருக்கிறது. படகு தலைகீழானால் வழுக்கி வெளியே வரும். அலுமினியத் தலையும் பிளேடும் என்றால் நேராக அடிக்குப் போகும்.

மேல் முள்ளுக்கு மேலே, பின்பலகையில் ஒரு ஸ்பிரிங் தகடு மாட்டி, சுக்கான் மேலே நகராமல் தடுக்க வேண்டும். இரவல் சுக்கானில் பட்டையின் உயரம் வேறாக இருப்பதால் உங்கள் படகில் ஏற்கெனவே உள்ள தகடு எட்டாமல் நிற்கும். தகட்டை நகர்த்தும் முன் அதற்கேற்ற நீளத்தில் புதுத் தகடு வெட்டிப் பழைய துளையிலேயே மாட்ட முடியுமா என்று பாருங்கள். தகட்டுக்கு வழியே இல்லையென்றால் கீழ் முள்ளின் நுனியில் சிறு துளை போட்டு, வளையத்துக்கு அடியில் பிளவு ஆணி செருகுங்கள். தகடோ ஆணியோ எது இருந்தாலும், சுக்கான் தலையிலிருந்து படகுக்கு ஒரு முழக் கயிறு கட்டியாக வேண்டும். முதல் ஓட்டத்துக்கு லைஃப் ஜாக்கெட்டோடு ஒரு துடுப்பையும் எடுத்துப் போங்கள். சுக்கான் கையை விட்டால் பின்னால் துடுப்பைப் பிடித்தே கரை சேரலாம்.